இரண்டாங்கட்டு இல்லாத அகராதி

பாதுகாக்கப்பட்ட கோயில் ஒன்றின் மதிலுக்கு எதிரே அரசாங்கம் ஒரு பொதுக் கழிப்பறை கட்டினால் அது 'கட்டுமானம்' ஆகாது. அதே மதிலுக்கு எதிரே குடியிருக்கும் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர், தன் படுக்கையறைக்குப் பின்பக்கம் ஆறடிக்கு நாலடியில் ஒரு கழிப்பறை சேர்த்தால் அது கட்டுமானம். அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. தொன்மையான நினைவுச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம், 1958 என்ற நீண்ட பெயருள்ள மத்தியச் சட்டத்தை, 2010-இல் வந்த திருத்தத்தோடு சேர்த்து வாசித்தால் இப்படித்தான் வருகிறது. வக்கீல் வேலை எனக்குத் தெரியாது. ஒரு கவிதையையோ கல்வெட்டையோ எப்படிச் சொல் சொல்லாக வாசிப்போமோ அப்படித்தான் இதையும் இரண்டு மாதமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவு அந்த வாசிப்பின் குறிப்பு.

மேலே சொன்ன அம்மா என் அத்தை. திட்டக்குடியில் பிறந்து, வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் நின்றால் கோபுரம் தெரியும், கொல்லைக்குப் போனால் கோயிலின் மடப்பள்ளிப் புகை தெரியும், அவ்வளவு பக்கம். மண்சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். கழிப்பறை கொல்லைக் கடைசியில், கிணற்றைத் தாண்டி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி மழையில் அவரால் அங்கே போக முடியவில்லை. அத்தை மகன் பிளான் போடுகிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டினான். அவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "நூறு மீட்டருக்குள்ள இருக்கீங்க தம்பி, அப்ளிகேஷன் போட்டு என்ன பண்ணப் போறீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். விண்ணப்பமே போடவில்லை. அவன் எனக்குப் போன் செய்து, "நீ படிச்சவன்தானே, நெசமா அப்படித்தான் இருக்கான்னு பாரு" என்றான். பார்த்தேன்.

சட்டம் மூன்று சொற்களின் மேல் நிற்கிறது: கட்டுமானம், மறுகட்டுமானம், பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும். கட்டுமானம் என்றால் எந்தக் கட்டடத்தையும் எழுப்புவது; மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ சேர்ப்பதும் நீட்டுவதும் அதில் அடக்கம். பொதுக் கழிப்பறை, வடிகால், பொதுக் குடிநீர், மின்சாரம் போன்றவை விலக்கு. மறுகட்டுமானம் என்றால் முன்பு இருந்த அதே நீள அகல உயரத்துக்குள் திரும்ப எழுப்புவது. பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும் என்றால் இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள். ஆனால் கட்டுமானமும் மறுகட்டுமானமும் அதில் சேராது.

இப்போது 20சி பிரிவுக்கு வாருங்கள். சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் 'தடைசெய்யப்பட்ட பகுதி'. அதற்கப்பால் இருநூறு மீட்டர் 'ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி'. தடைசெய்யப்பட்ட பகுதியில் 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே வீடு இருந்தால், மூன்று சொற்களில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் அதன் உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். சேர்க்க முடியாது. இடிந்து விழுந்தால் அதே அளவில் திரும்பக் கட்டவும் அந்தப் பிரிவில் வழியில்லை, ஏனென்றால் அது மறுகட்டுமானம்.

மண்சுவர் வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு சுவர் சரிவது எங்கள் பக்கம் அதிசயமே இல்லை. அதை எழுப்புவது பழுதுபார்த்தலா, மறுகட்டுமானமா? ஒரு சுவர் என்றால் பழுது. நான்கு சுவர் என்றால்? இரண்டரைச் சுவர் என்றால்? அத்தை வீட்டுக் கழிப்பறையையும் 'புதுப்பித்தல்' என்ற சொல்லுக்குள் அடக்கி அனுமதி கொடுக்க ஓர் அதிகாரி மனம் வைக்கலாம். வைக்காமலும் போகலாம். சட்டத்தின் அகராதியில் அதற்கென்று சொல் இல்லை.

இந்தச் சட்டத்தைத் திட்டுவது எளிது. அதற்கு முன்னால் அது ஏன் இப்படி விறைப்பாக எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. நூறு, இருநூறு என்ற எல்லைகள் 1992 ஜூனில் அறிவிக்கை மூலம் வந்தவை. 2006-இல் ஒரு நிபுணர் குழு அமைத்து, நூறு மீட்டருக்குள்ளும் ஆள் ஆளுக்குப் பார்த்து அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள். 2009 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் எம்கா கட்டுமான நிறுவன வழக்கில், அப்படி அனுமதி கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. 2010 ஜனவரியில் அவசரச் சட்டம், மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டம். இதுவரை கொடுத்தவற்றில் பலதும் செல்லும், இனிமேல் நூறு மீட்டருக்குள் யாருக்கும் கிடையாது என்று முடித்துவிட்டார்கள்.

அதாவது பேச்சுவார்த்தைக்கு இடம் விட்டபோது அந்த இடத்தில் யார் போய் உட்கார்ந்தார்கள் என்று பார்த்த பிறகு எழுதிய சட்டம் இது. டேப் வைத்து அளந்துவிடலாம், சிபாரிசு செல்லாது. மாமல்லபுரத்தில் இந்த நூறு மீட்டர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இன்று கடற்கரைக் கோயிலைப் பார்க்க ஏதாவது ஹோட்டல் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே எனக்கு அளவுகோலோடு பெரிய சண்டை இல்லை. என் சண்டை அகராதியோடு. ஐந்து மாடி விடுதியையும் ஆறடிக் கழிப்பறையையும் ஒரே சொல்லால் குறிக்கிற அகராதியோடு.

எங்கள் பக்கத்துப் பழைய வீடு எப்படி உண்டானது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் அதை ஒரே மூச்சில் கட்டியதில்லை. முதலில் திண்ணை, ரேழி, கூடம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் முற்றத்துக்குப் பின்னால் இரண்டாங்கட்டு. நெல் கூடினால் குதிருக்கு ஓர் அறை. அதற்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி மாட்டுக்கு ஓர் இடம், விறகுக்கு ஓர் இடம். செட்டிநாட்டில் பணம் இருந்தது, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று அடுத்த தெரு வரை போனது. திட்டக்குடியில் பணம் இல்லை, கொல்லை வரை போனது. குணம் ஒன்றுதான். தெருப்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் மனையை ஒதுக்கியதே பின்னால் வளர்வதற்காக. 'கட்டு' என்ற சொல்லையே பாருங்கள், வீட்டின் ஒரு பகுதி என்றும், கட்டுதல் என்றும், கட்டுப்பாடு என்றும் அதற்குப் பொருள் உண்டு. சட்டம் கடைசிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஆக, இந்த வகை வீட்டைப் பொறுத்தவரை நீட்டுவது வெளியிலிருந்து வருகிற சிதைவாகாது. அந்த வீடு உயிரோடு இருக்கிற முறையே அதுதான். அதை நிறுத்தி வைத்துவிட்டுப் பாரம்பரியச் சூழலைக் காப்பாற்றினோம் என்று சொல்வதில் எனக்கு ஒரு நெருடல்.

வீட்டை விடுங்கள், கோயிலே அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் அம்மன் சன்னிதி ராஜராஜன் கட்டியதில்லை, பின்னால் பாண்டியர் காலத்தில் சேர்ந்தது. எல்லோரும் நின்று வியக்கிற அந்த முருகன் சன்னிதியும் பெரிய நந்தியின் மண்டபமும் நாயக்கர் காலச் சேர்க்கை. 20ஏ பிரிவு அப்போதே இருந்திருந்தால் இந்த மூன்றும் இருந்திருக்காது. இன்னொரு வேடிக்கை. தஞ்சைக் கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திட்டக்குடிக்குத் தென்கிழக்கே இருக்கும் கங்கைகொண்ட சோழபுரமும், தாராசுரமும் 2004-இல் சேர்ந்தன. தனிப் பதிவாக இல்லை, தஞ்சைப் பதிவின் நீட்சியாக. உலகப் பாரம்பரியக் குழுவுக்கே எக்ஸ்டென்ஷன் போட அனுமதி இருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிப் பேசினால் இதையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கோயிலின் சுற்றுமதில் ஏன் இன்று முழுசாக இல்லை? 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அதன் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கம்பெனி அரசின் பொதுப்பணி. மதிலை ஒட்டி வீடு வைத்திருந்தவன் யாரும் மதிலைத் தின்னவில்லை. ஆனால் இன்றைய சட்டத்தில் பொதுக் கழிப்பறை, வடிகால் போன்ற சில பொதுப்பணிகளுக்கு விலக்கும் தனி வீட்டுக்குத் தடையும் இருக்கிறது.

இதுவரை சொன்னது பட்டியலில் இருக்கும் கோயிலின் பக்கத்தில் மாட்டிக்கொண்ட வீட்டின் கதை. இனி எந்தப் பட்டியலிலும் இல்லாத வீடு. அது எங்கள் வீடு.

திட்டக்குடி 2021-இல்தான் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. வைத்தியநாதசுவாமி கோயில் இருக்கிற ஊர் என்று சொன்னால் சிலருக்குத் தெரியும், விருத்தாசலத்துக்கு மேற்கே ஒரு பஸ் தூரம் என்று சொன்னால் இன்னும் சிலருக்கு. தாத்தா காலத்து வீடு எங்களுடையது. தம்பி குடும்பத்துக்காகப் பின்னால் இரண்டு அறை சேர்க்க நினைத்தோம். இங்கே தொல்லியல் சட்டம் குறுக்கே வரவில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வந்தது. அதையும் வாசித்தேன். மத்தியச் சட்டம் கோயிலைப் பார்த்து எழுதப்பட்டது என்றால், இது வெறும் மனையைப் பார்த்து எழுதப்பட்டது. மனையின் பரப்பு, சாலையின் அகலம், முன்பக்க இடைவெளி, பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு. நகர்ப்புறத்து லேஅவுட்டில் வாங்கிய காலி மனைக்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்தும்.

எங்கள் வீட்டின் திண்ணை ஏறக்குறைய தெருவில் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். விதிகளின் கண்ணால் பார்த்தால் இந்த வீடு பிறந்ததிலிருந்தே விதிமீறல்தான். ஒட்டி ஒட்டி இருக்கும் தெருக்களுக்கென்று 'தொடர் கட்டடப் பகுதி' என்ற வகை விதிகளில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் தெரு அந்த வகைக்குள் வர வேண்டும். சரி, பின்னால் இரண்டு அறைக்குத்தானே கேட்கிறோம் என்றால், வரைபடத்தில் வீடு முழுவதையும் காட்ட வேண்டும். காட்டினால் திண்ணை வரும், பொதுச்சுவர் வரும், கேள்வி வரும். (கோயில் அடிமனையில் வீடு இருப்பவர்கள் இதற்கு முன்னால் இன்னொரு வாசலில் நிற்க வேண்டும். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

எங்களுக்கு வரைபடம் போட வந்தவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஐயா, பேசாம மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசா போடுங்க. இப்ப ஆன்லைன்ல சுயசான்றிதழ்லயே சட்டுனு அப்ரூவல் கிடைச்சிடும்." அவர் சொன்னதில் பொய் இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றிதழ்த் திட்டத்தில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடியாக ஒப்புதல் பெறலாம். நல்ல திட்டம்தான், லஞ்சம் கேட்கிற கை ஒன்று குறைந்தது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நூறு வருட வீட்டை இடிப்பவனுக்குப் பாதை வழுவழுவென்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு அறை சேர்ப்பவனுக்கு முள்ளும் கல்லும்.

அத்தை வீட்டையும் எங்கள் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எனக்கு விஷயம் தெளிவானது. ஒரு சட்டம் பழையதை மட்டும் பார்க்கிறது, அதில் மனிதர்கள் குடியிருப்பதைப் பார்ப்பதில்லை. இன்னொன்று குடியிருப்பதை மட்டும் பார்க்கிறது, அது பழையது என்பதைப் பார்ப்பதில்லை. முதலாவதில் வீடு மெல்லச் சரிந்து விழும், ஆட்கள் பிள்ளைகளோடு டவுனுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவதில் ஜேசிபி வரும். கடைசியில் நாட்டு ஓடு இரண்டு இடத்திலும் லாரியில்தான் ஏறுகிறது.

வேறு மாதிரி எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட கட்டடத்தை நீட்டுவதைத் தடைசெய்யவில்லை. அதன் தன்மையைப் பாதிக்கிற விதத்தில் நீட்டினால் மட்டும் ஒப்புதல் வாங்கு என்கிறது. 'தன்மை' என்பது வழவழா சொல், அதிகாரி நினைத்தால் எப்படியும் வளைக்கலாம், நம் ஊருக்கு ஆகாது. எனக்கு அதைவிடச் சிங்கப்பூர் முறை பிடித்திருந்தது. அங்கே 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா உட்படப் பல வட்டாரங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பாதுகாப்பில் இருக்கின்றன. லிட்டில் இந்தியா, சைனாடவுன் போன்ற முதன்மை வட்டாரங்களில் முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும். எமரால்டு ஹில், பிளேர் பிளெய்ன் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில் முன்வீட்டைக் காத்துக்கொண்டு பின்னால் புதுக் கட்டு சேர்க்கலாம், முன்வீட்டுக் கூரையைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் வருகிற நடுமுற்றத்தைப் பற்றித் தனியாகப் பேசுகிறார்கள். கூரை, முகப்பு, படிக்கட்டு, மரவேலை என்று ஒவ்வொன்றும் பெயரோடு வருகிறது.

இதை எழுதியவர் அந்த வீட்டுக்குள் போய் நின்று பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது. முன்கூரையைவிடத் தாழ்ந்து என்பதும் டேப் வைத்து அளக்கக்கூடியதுதான், சிபாரிசுக்கு இடம் இல்லாததுதான். ஆக, விறைப்பாகவும் இருக்கலாம், வீட்டைப் புரிந்துகொண்டும் இருக்கலாம். சிங்கப்பூரில் அந்தக் கடைவீடுகளின் விலை ஏறி அங்கே பிறந்தவர்கள் பலரால் அங்கே இருக்க முடியாமல் போனதும் உண்மை. அந்தப் பாடத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சட்டத்திலும் ஒரு ஜன்னல் இருக்கிறது. 20இ பிரிவு, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனியாகப் பாரம்பரிய உபவிதிகள் எழுதச் சொல்கிறது. சுற்றியுள்ள கட்டடங்களின் முகப்பு, உயரம், வடிகால் என எல்லாம் அதில் வரலாம். நாட்டில் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட மத்தியப் பாதுகாப்புச் சின்னங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் உபவிதிகள் இறுதியாகவில்லை. மாநிலத்தில் 2012-இல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வர 2024 ஆனது. சென்னையில் நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் 467 கட்டடங்கள் இருந்தன. அந்த மாதிரிப் பட்டியல் ஒருநாள் கடலூர் மாவட்டத்துக்கும் வரட்டும். வரும்போது வெறும் பெயர்ப்பட்டியலாக வந்தால் எங்கள் தெருவில் பாதிப்பேர் அறிவிப்பு வருவதற்கு முதல்நாள் ராத்திரியே இடித்துவிடுவார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலோடு இரண்டு வரி சேர்ந்து வர வேண்டும்: முன்கட்டும் முற்றமும் அப்படியே இருந்தால், முன்கூரையைவிடத் தாழ்வாகப் பின்னால் ஒரு கட்டு சேர்ப்பது அனுமதிக்கப்பட்டது. குடியிருக்கும் வீட்டுக்குள் கழிப்பறையும் குளியலறையும் அமைப்பது பழுதுபார்த்தலில் அடங்கும்.

கட்டட விதிகளை எழுதுபவர்களுக்கும் ஒரு கேள்வி. இடிப்பதற்கு எத்தனை தாள் வேண்டும், சேர்ப்பதற்கு எத்தனை தாள் வேண்டும் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தீர்களா?

அத்தை மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே, "அப்ப முடியுமா முடியாதா, அதைச் சொல்லு" என்றான். வெளியே சேர்க்காமல் உள்ளேயே செய்யலாம், குதிர் இருந்த அறையைத் தடுத்துக் கழிப்பறை ஆக்கு, சுவர் நகராது, கூரை நகராது, நீளமும் உயரமும் அப்படியே இருக்கும், அதைப் புதுப்பித்தல் என்று விண்ணப்பத்தில் எழுதலாம் என்றேன். வீடு 1992-க்கு முந்தியது என்பதற்கு வீட்டு வரி ரசீதைத் தேடச் சொல்லியிருக்கிறேன். பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டியில் 1987-ஆம் வருட ரசீது ஒன்று கிடைத்திருக்கிறதாம், ஓரம் கரையான் அரித்திருக்கிறது, எண் தெரிகிறது.

விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை வாங்கித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கு மட்டும் வருத்தம். குதிர் அறையில் அவர் மாமியார் வைத்த சாமி மாடம் இருக்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்று இன்னும் முடிவாகவில்லை.